ஐந்தரை மணிப் பீடி

ரோஜாவுக்கு மூச்சு இழுக்கப்போகிறது என்பதை அவள் தோளைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இருமல் அதற்கப்புறம்தான் வரும். தூக்கத்தில் இரண்டு தோள்களும் காதை நோக்கி மெல்ல ஏறும்; கழுத்தெலும்புக்கு மேலே இருக்கும் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வரும். ஏழு வயதுக் குழந்தை. ஆடியும் ஆவணியும் முழுக்க, விடியற்காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்த்தது அந்தத் தோள்களைத்தான்.

புகை ஐந்தரை மணிக்கு வரும். பீடிப் புகை. பாத்ரூம் வழியாக வந்து, ஹாலைத் தாண்டி, அவள் படுத்திருக்கும் அறைக்குள் நுழையும். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கும் சிப்காட் தொழிற்பேட்டைக்கும் நடுவில் இருக்கும் நாலு மாடிக் கட்டடம் எங்களுடையது. பதினாறு வீடுகள். நாங்கள் இரண்டாவது மாடி. கட்டடத்தின் நடுவே, கழிவுக் குழாய்கள் இறங்குவதற்காக நாலடிச் சதுரத்தில் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். கீழே தரையிலிருந்து மேலே வானம் வரை திறந்த சந்து. டக்ட் என்போம். எங்கள் வரிசையில் இருக்கும் நாலு வீட்டுப் பாத்ரூம் ஜன்னல்களும் அதில்தான் திறக்கும். ஒரு வீட்டில் மீன் வறுத்தால் நாலு வீட்டுக்கும் தெரியும்.

"வந்துடுச்சு பாருங்க," என்று சமையலறையிலிருந்து ரத்னா சொல்வாள். அவள் மருந்துக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். மூன்று பேருக்கும் டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கே அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சலில் அவள் சொல்வது பாதிதான் கேட்கும். மீதிப் பாதி எனக்கு மனப்பாடம்.

எழுந்து பாத்ரூம் கதவைச் சாத்துவேன். கதவுக்கடியில் ஈரத்துணியைத் திணிப்பேன். அதற்குள் தோள்கள் ஏறத் தொடங்கியிருக்கும்.

தூசு, புகை இரண்டும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தூசு விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. தொழிற்சாலைகளுக்குத் தூசு இழுக்கும் குழாய் அமைக்கிற சின்ன கம்பெனி ஒன்றில் நான் ஃபிட்டர். பறக்கிற தூளை எங்கே பிடித்து, எந்த வழியாக இழுத்து, எங்கே கொண்டுபோய்த் தள்ளுவது என்பதுதான் பதினான்கு வருடமாக என் பிழைப்பு. அதனால் ஜூன் மாதம் எதிர் ரோட்டைத் தோண்டிப்போட்டு லாரிகள் புழுதி கிளப்ப ஆரம்பித்தபோது, வீட்டைச் சரிசெய்ய நான் வேறு யாரையும் கூப்பிடவில்லை. ஜன்னல் ஓரமெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டினேன். வாசல் கதவுக்கு அடியில் ரப்பர் அடித்தேன். சமையல் புகை உள்ளேயே தங்கிவிடக் கூடாதே என்று, கம்பெனியில் கழித்துப்போட்ட பெரிய ஃபேன் ஒன்றை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி, ரிப்பேர் செய்து சமையலறையில் மாட்டினேன். புழுதி நின்றது. ஜன்னல் விளிம்பில் விரலைத் தேய்த்துப் பார்த்துவிட்டு ரத்னா, "சூப்பரு," என்றாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் என்னிடம் அந்தச் சொல்லைச் சொன்னது அது மூன்றாவது முறை.

அடுத்த மாதமே ரோஜாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. தூசு இல்லை என்றால் மிச்சம் இருப்பது புகை. புகை கீழ்வீட்டிலிருந்து, பாக்கியராஜ் அண்ணன் வீட்டிலிருந்து வந்தது.

"ஆறு வருசமா அதே பாத்ரூம்லதான அவுரு குடிக்கிறாரு," என்றாள் ரத்னா ஒருநாள். "இவ்ளோ நாளா எங்க போயிருந்துச்சு இந்தப் பொகை?"

"கொழந்தைக்கு இப்பத்தான ஒத்துக்கல. அதனால நமக்கு இப்பத்தான் தெரியுது," என்றேன். எனக்கே அது நல்ல பதிலாகத்தான் பட்டது.

ஆவணிக் கடைசியில் அவள் முடிவு செய்துவிட்டாள். பொதட்டூர்பேட்டையில் அவள் அக்கா வினோதா இருக்கிறாள். "அக்கா அங்க ஸ்கூல்ல பேசிட்டாங்களாம். காலாண்டு லீவு முடிஞ்சதும் சேத்துக்கறாங்களாம். தனி ஊடு. மேலயும் யாரும் இல்ல, கீழயும் யாரும் இல்ல."

"நாம?"

"வேலைய உட முடியுமா? ஞாயித்துக்கெழம போய்ப் பாத்துட்டு வர வேண்டியதுதான்."

திருவள்ளூர் போய், அங்கிருந்து திருத்தணி, அதற்கப்புறம் இன்னொரு பஸ். ரத்னா சாதத்தைக் கிளறிக்கொண்டே சொன்னாள், முகத்தைக் காட்டவில்லை. நான் தூங்கும் குழந்தையைப் போய்ப் பார்த்தேன். அவள் இல்லாமல் இந்த வீடு எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்க்க முயன்றேன். ஃபேன் சத்தம் மட்டும்தான் இருக்கும் என்று தோன்றியது.

கீழே போய் ஒரு வார்த்தை சொன்னால் தீரும் விஷயம். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வரவில்லை.

ரோஜாவுக்கு முதல்முறை மூச்சு இழுத்தபோது நான் வெளியூரில் வேலையாக இருந்தேன். அவளை முன்னால் நிற்கவைத்து ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது பாக்கியராஜ் அண்ணன் மனைவி மேரி அக்கா. மீஞ்சூரில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் மெஷினை அவர்தான் எங்கிருந்தோ வாங்கிவந்து எங்கள் வீட்டில் வைத்தார். முகமூடியைப் பிடிக்கும் விதத்தை ரத்னாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். புகையும் கீழ்வீட்டிலிருந்து வந்தது, அதற்கு மருந்தும் கீழ்வீட்டிலிருந்துதான் வந்தது.

பாக்கியராஜ் அண்ணன் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறார். ஐம்பத்திரண்டு வயது. ஞாயிறு தவிர தினமும் காலை ஆறு மணி ஷிப்ட். நாற்பதடி உயரத்தில் ஒரு கூண்டுக்குள் எட்டு மணிநேரம் தனியாக உட்கார்ந்திருப்பார். மேலே பீடி பற்றவைக்க முடியாது. அதனால் கிளம்புவதற்கு முன்னால் ஒன்று. வீட்டுக்குள் கூடாது என்று மேரி அக்கா சட்டம் போட்டிருந்தார். பாத்ரூம் வீட்டில் சேராது என்று இவர் வாதாடி அந்த ஒன்றை மட்டும் வாங்கியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் அவரும் நானும் ரயில்வே கேட் பக்கத்து டீக்கடைக்குப் போவோம். ஒரு டீயை இருபது நிமிடம் குடிப்போம். பேச மாட்டோம். கூட்ஸ் வண்டி போனால் இரண்டு பேரும் பெட்டிகளை எண்ணுவோம். முடிந்ததும் அவர், "ஐம்பத்தெட்டு," என்பார். நான் தலையாட்டுவேன். "மேல ஒக்காந்துகினு யார்கிட்ட பேசறது நைனா. வாய் மறந்துபோச்சு," என்று ஒருமுறை சொன்னார். எனக்கும் தூசு இழுக்கும் ப்ளோயர் இரைச்சலில் வேலை. பேசாமல் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு நிம்மதி என்பது அவரிடம்தான் எனக்குத் தெரிந்தது. அந்த நிம்மதிக்குள் எதைக் கொண்டுபோய்ப் போட்டாலும் அது உடைந்துவிடும் என்று பயந்தேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை சொல்லப் போனேன். மூன்று முறையும் பெட்டிகளை எண்ணிவிட்டுத் திரும்பி வந்தேன்.

"நீங்க சொல்ல மாட்டீங்க," என்றாள் ரத்னா. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை.

அவள் அசோசியேஷன் செக்ரட்டரி ஏழுமலையிடம் போனாள். ஏழுமலை யாரையும் பகைத்துக்கொள்ளாத மனிதர். அன்று சாயங்காலம் கட்டட வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்: "அன்பான குடியிருப்போர் கவனத்திற்கு. சிலர் பாத்ரூமில் புகைப்பதால் சிலருக்குச் சிரமம் ஏற்படுவதாகச் சிலர் சொல்கிறார்கள். சிலர் திருந்தவும்."

முதல் பதில் மூன்றாவது மாடி மோசஸிடமிருந்து வந்தது. "நான் உட்டு ஆறு மாசம் ஆச்சு. யார வேணா கேளுங்க."

"உங்கள யார் மோசஸ் சொன்னாங்க?" என்று ஏழுமலை போட்டார்.

"அப்ப ஏன் என் ஊட்டு எதிர்ல நின்னுகினு டைப் பண்றீங்க?"

அதற்கப்புறம் வேறு யாரோ, தண்ணி மோட்டார் எப்போது சரியாகும் என்று கேட்டார்கள். பேச்சு அப்படியே மோட்டாருக்குப் போய்விட்டது. ஏழுமலையின் அறிக்கைக்குக் கீழே ஒரே ஒரு கட்டைவிரல் இருந்தது. பாக்கியராஜ் அண்ணன் போட்ட கட்டைவிரல்.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் அவரே ஆரம்பித்தார். "குரூப்புல பாத்தியா நைனா? யாரா இருக்கும்? கொழந்தைங்க இருக்கிற எடம்னு ஒரு நெனப்பு வேணாம்?"

அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. கட்டடத்தில் புகை கீழே இறங்கும் என்று நினைத்திருந்தாரோ என்னவோ, தனக்குக் கீழே தரைத்தளத்தில் இருக்கும் கிறிஸ்டினாவிடம் மட்டும் முதல் வருடமே கேட்டிருக்கிறார்; "எங்களுக்கு ஒண்ணும் வாசனை வரலண்ணா," என்று அவள் சொல்லியிருக்கிறாள். அத்தோடு மனது நிம்மதியாகிவிட்டது.

சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவரே கதவைத் திறந்துவிட்டார். நான் டம்ளருக்குள் பார்த்தேன்.

"தெரிலண்ணா," என்றேன்.

புதன்கிழமை ரத்னா நேரே இறங்கிப் போய் மேரி அக்காவிடம் சொல்லிவிட்டாள். அழுதுகொண்டுதான் சொன்னாள் என்று பிற்பாடு தெரிந்தது. அரைமணி நேரத்தில் பாக்கியராஜ் அண்ணன் எங்கள் வாசலில் நின்றார். வழக்கமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே வந்து ரோஜாவின் தலையில் ஒரு தட்டு தட்டுவார். அன்று செருப்போடு வெளியிலேயே நின்றார்.

"அம்மா ரத்னா. இனிமே ஊட்டுக்குள்ள பத்த வெக்க மாட்டேன்மா. பைபிள் மேல சொல்றேன்."

"உள்ள வாங்கண்ணா," என்றாள் ரத்னா.

"இருக்கட்டும்மா." பிறகு என்னைப் பார்த்தார். "ரெண்டு மாசமா என் எதிர்ல ஒக்காந்துகினு டீ குடிச்சியே மணவாளா. யாரா இருக்கும்னு நான் கேட்டேன். தெரிலன்னியே."

அவர் படியில் இறங்கினார். முட்டி வலி அவருக்கு. ஒவ்வொரு படிக்கும் கைப்பிடிச் சுவரைப் பிடிப்பார். அந்தச் சத்தம் முடியும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

"பெரிப்பா ஏன் உள்ள வரல?" என்று ரோஜா கேட்டாள்.

வியாழன் வெள்ளி இரண்டு நாளும் ஐந்தரை மணிக்கு ஒன்றும் வரவில்லை. ரோஜா ஏழு மணிவரை தூங்கினாள். ரத்னா தோசை ஊற்றிக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். சனி காலை ஐந்து முப்பத்தைந்துக்கு அதே வாசனை. முன்னைவிடக் காட்டமாக இருந்தது. திங்களும் வந்தது. அன்று ரோஜாவுக்கு உதடு வெளிறியது. மேரி அக்கா நைட்டியோடு ஓடிவந்து, மெஷினைப் போட்டு, அவளை மடியில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தடவிக்கொண்டேயிருந்தார். "ஊதும்மா... மெதுவா... என் தங்கம்ல." ரத்னா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவும் நிமிரவில்லை.

அன்று சாயங்காலம் ரத்னா அலமாரியிலிருந்து சிவப்புப் பையை எடுத்துத் தட்டினாள். ரோஜாவின் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். "சனிக்கெழம கூட்டிகினு போறேன். பைபிள் மேல சத்தியம் பண்ணிட்டு ரெண்டு நாள்தான் தாங்குச்சு. வேற இன்னா செய்ய முடியும் சொல்லுங்க."

"நான் கூட வரேன்," என்பதுதான் எனக்கு வந்த பேச்சு.

இரவெல்லாம் யோசித்தேன். அவர் மீது எனக்குக் கோபம் வந்தது. அது கொஞ்சம் சௌகரியமாகவும் இருந்தது. பொய் சொன்னவர் அவர் என்று ஆகிவிட்டால், டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு நான் சொன்னது சின்னதாகிவிடும். செவ்வாய்க்கிழமை ஐந்து இருபத்தைந்துக்கே எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். கையும் பீடியுமாகப் பிடிப்பதுதான் திட்டம்.

மேரி அக்கா கதவைத் திறந்தார். பாத்ரூம் இருட்டாக இருந்தது. தரை காய்ந்திருந்தது.

"அவுரு கீழ போய்ட்டாருப்பா. ஊட்ல பத்த வெக்கிறதே இல்ல. எனக்கும் ஒண்ணும் புரியல. மறுபடி எப்படித்தான் வருதோ." கதவைப் பிடித்தபடி சொன்னார். "ரத்னா என்னை நம்ப மாட்டேன்றா."

கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். தண்ணி மோட்டாருக்கு அந்தப்பக்கம் ஒரு சின்ன இரும்புக் கதவு உண்டு. பிளம்பர் தவிர யாரும் போகாத இடம். கதவு திறந்திருந்தது. உள்ளே, சுவரைப் பார்த்துக்கொண்டு, வகுப்பில் தண்டனை வாங்கிய பையனைப் போல பாக்கியராஜ் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். யூனிஃபார்ம் போட்டிருந்தார். தோளில் சாப்பாட்டுப் பை. ஒரு கையில் பீடி. இன்னொரு கையில் சாம்பல் கீழே விழாமல் பிடிக்க ஒரு பிஸ்கட் டப்பா மூடி.

என்னைப் பார்த்ததும் பீடியை மூடிக்குள் அழுத்தினார்.

"வெளிலதான நைனா நிக்கிறேன்," என்றார். "மொத ரெண்டு நாள் தெருவுலதான் நின்னேன். இவ கிளினிக் பொண்ணுங்க ஸ்டேஷனுக்குப் போவுதுங்க, மானம் போவுதுன்றா. மொட்டமாடிக்கு இந்த முட்டிய வெச்சிகினு ஏற முடியாது. இங்க யார் இருக்கா? எலி இருக்கு."

நான் மேலே பார்த்தேன்.

அவர் நின்ற இடம் டக்டின் அடி. தலைக்கு மேலே நாலு மாடி உயரத்துக்கு இருட்டுச் சந்து. உச்சியில் ஒரு சதுரம் வெளுத்துக்கொண்டிருந்தது. வீட்டை விட்டு வெளியே போக வேண்டும் என்று கிளம்பிய மனிதர், நேராக வந்து புகைக்கூண்டின் அடுப்பில் நின்றிருக்கிறார். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் வேறொன்று கண்ணில் பட்டது.

"அண்ணா, போன்ல டார்ச் போடுங்க. மேல காட்டுங்க."

போன மழைக்கு டக்டின் உச்சியில் கட்டிய நீலத் தார்ப்பாய் கிழிந்து, கீற்றுகள் ஒவ்வொரு மாடி ஜன்னலிலும் சிக்கிக் கிடந்தன. கிறிஸ்டினா வீட்டு ஜன்னலில் ஒரு கீற்று நேராகத் தொங்கியது. அண்ணன் வீட்டு ஜன்னலில் ஒன்று அதேபோல. மோசஸ் வீட்டு ஜன்னலில் இரண்டு. எல்லாம் செங்குத்தாக, அசையாமல். இரண்டாவது மாடியில் என் வீட்டு ஜன்னலில் இருந்த கீற்று மட்டும் தொங்கவில்லை. கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே நுழைந்து, முனையை உள்ளே விட்டு, படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. யாரோ உள்ளேயிருந்து கையைப் பிடித்து இழுப்பதுபோல.

அந்தப் படபடப்பு எனக்குத் தெரியும். பதினான்கு வருடமாகப் பார்க்கிறேன். குழாய் மாட்டி முடித்ததும் வாயில் ஒரு துணிக்கீற்றைக் காட்டுவோம். உள்ளே இழுத்தால் வேலை சுத்தம் என்று அர்த்தம்.

ரத்னாவுக்குப் போன் போட்டேன். "அந்தக் கிச்சன் ஃபேன ஆஃப் பண்ணு."

"தாளிச்சிகினு இருக்கேன்."

"ஒரு நிமிசம். ஆஃப் பண்ணு."

கீற்று இரண்டு முறை துடித்தது. பிறகு ஜன்னலிலிருந்து நழுவி, மற்றவை மாதிரியே நேராகத் தொங்கியது.

"இப்பப் போடு."

எழுந்து, ஜன்னலுக்குள் புகுந்தது.

"ஆஃப் பண்ணு."

"உங்களுக்கு இன்னா ஆச்சு காலங்காத்தால?" என்றாள் ரத்னா. ஆனாலும் நிறுத்தினாள். கீற்று விழுந்தது.

பாக்கியராஜ் அண்ணன் டார்ச்சைப் பிடித்தபடி வாயைத் திறந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "இது இன்னா மாயம்?"

"மாயம் இல்லண்ணா. நான்தான்."

எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. எல்லா ஜன்னலையும் காற்றுப் புகாமல் அடைத்தேன். அடைத்த வீட்டிலிருந்து காற்றை வெளியே தள்ள அந்தப் பெரிய ஃபேனை மாட்டினேன். வெளியே போகிற காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். நான் அடைக்காமல் விட்டது பாத்ரூம் ஜன்னல் ஒன்றுதான். ரத்னா அடுப்பைப் பற்றவைத்து ஃபேனைப் போடும் நேரமும் இவர் பீடி பற்றவைக்கும் நேரமும் ஒன்று. ஆறு வருடமாக நேரே வானத்துக்குப் போய்க்கொண்டிருந்த புகையை ஜூன் மாதத்திலிருந்து நான்தான் பிடித்து, இழுத்து, என் பெண் படுத்திருக்கும் இடம்வரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். ஊரான் ஆலையில் நான் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை.

இதையெல்லாம் சொன்னேன். இத்தனை வாக்கியம் அவரிடம் நான் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான் முதல்முறை. அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். "டீக்கடையில நீங்க கேட்டப்பவே சொல்லியிருக்கணும்ணா. சொல்லியிருந்தா அன்னிக்கே ரெண்டு பேரும் இங்க வந்து நின்னு பாத்திருப்போம்."

அவர் டார்ச்சை அணைத்தார். மோட்டாரில் எங்கோ நீர் சொட்டியது. கம்பெனி பஸ் வரும் நேரம் ஆகிக்கொண்டிருந்தது, அவர் அவசரப்படவில்லை.

"அதான பாத்தேன்," என்றார் கடைசியில். "மூணு மாசமா பீடி சப்புன்னு இருக்குதேன்னு. பாதிய நீ மேல இழுத்துகினியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் என் முதுகில் ஒரு தட்டு தட்டினார், ரோஜாவைத் தட்டுவது மாதிரி.

"இழுத்தது நீ. ஊதுனது நான்," என்றார். "ரெண்டு பேரும் போய் ரத்னாகிட்ட நிப்போம், வா."

"பஸ்?"

"போவட்டும். ஒரு நாள் கிரேன் நின்னா நிக்கட்டும்."

சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினார். எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார்.

ரத்னா எல்லாவற்றையும் கரண்டியோடு நின்று கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஸ்பாஞ்ச் ஒட்டிய ஜன்னலைப் பார்த்தாள், ஃபேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சூப்பருன்னு வேற சொல்லித் தொலைச்சேன்," என்றாள்.

அவள் உடனே நம்பிவிடவில்லை. சிவப்புப் பையைப் பிரிக்கவும் இல்லை. "சனிக்கெழம வரைக்கும் பாக்கறேன். ஒரு நாள் அவளுக்கு மூச்சு இழுத்தாலும் கௌம்பிடுவேன். நீங்க ரெண்டு பேரும் எந்தக் கீத்தக் காட்டினாலும் கேக்க மாட்டேன்." பிறகு கீழே போனாள். மேரி அக்காவிடம் என்ன பேசினாள் என்று தெரியாது. திரும்பி வரும்போது கையில் ஒரு கிண்ணம் இறால் தொக்கு இருந்தது.

அன்று நானும் லீவு போட்டேன். ஸ்க்ரூ டிரைவரால் ஸ்பாஞ்ச் பட்டைகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த ரோஜா அவற்றைச் சுருட்டிச் சுருட்டிப் பாம்பு செய்தாள். சமையலறை ஜன்னலைத் திறந்தேன். மூன்று மாதத்துக்குப் பிறகு எதிரே இருந்த காலி மனையும் அதில் கட்டியிருந்த எருமையும் தெரிந்தன. பெரிய ஃபேனைக் கழற்றிவிட்டுச் சின்னதை மாட்டினேன். பாத்ரூம் ஜன்னலுக்கு, வெளியே மட்டும் திறக்கிற மாதிரி ஒரு தகட்டு மூடி செய்து போட்டேன். கொஞ்சம் புழுதி வரத்தான் செய்தது. ரத்னா காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தாள். துடைக்கும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

புதன்கிழமை விடியலில் தோளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏறவில்லை. வியாழன், ஏறவில்லை. வெள்ளிக்கிழமை ஒருமுறை இருமினாள். நானும் ரத்னாவும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தோம். அவள் புரண்டு படுத்து, வாயைத் திறந்தபடி தூங்கினாள்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக ரத்னா அக்காவுக்குப் போன் செய்தாள். "இல்லக்கா, ஸ்கூல்லாம் வேணாம். லீவுக்கு ரெண்டு நாள் கூட்டிகினு வரேன். ஆமா, எல்லாம் இவுரு பண்ண வேலைதான். வந்து சொல்றேன், நீ சிரிப்ப." பேசிக்கொண்டே சிவப்புப் பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். துணிகள் விழுந்தன.

நான் சமையலறை ஜன்னல் பக்கம் போனேன். காலி மனையின் கடைசியில், எருமைக்கு அந்தப்பக்கம், பாக்கியராஜ் அண்ணன் யூனிஃபார்மில் நின்றுகொண்டிருந்தார். ஒரே ஒரு நெருப்புப் புள்ளி. இதற்காகக் கால்மணி முன்னதாகவே இறங்குகிறாராம். அந்தப் புள்ளியும் இல்லாமல் போனால் நன்றாக இருக்கும் என்று மேரி அக்கா இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

ரோஜா எழுந்து வந்து என் கையில் ஏறிக்கொண்டாள். "பெரிப்பா!" என்று கத்தினாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். பீடியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். இன்னொரு கையை ஆட்டினார். திறந்திருக்கும் ஜன்னலைப் பார்த்திருப்பார் போல. ஆட்டிக்கொண்டே இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். பிறகு இன்னும் இரண்டு. பின்னால் வாய்க்கால் பள்ளம்.

ஜன்னலில் நின்று சத்தம் போடுவது என் பழக்கமில்லை.

"அண்ணா!" என்று கத்தினேன். "போதும். அங்கயே நில்லுங்க. காத்து அந்தப் பக்கந்தான் அடிக்குது."